ரப்பர் வளையம் இன்னும் வரவில்லை

ஹாபாலஹ்தி,
16 ஜூன் 1957, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூத்த மகள் ரைலி எழுதுகிறேன். கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் நலம். பசுக்கள் நலம். குதிரை நலம். தங்கை மைரேயின் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது, அவளும் நலம். நலமில்லாதது கிரீம் பிரிக்கும் மெஷின் ஒன்றுதான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் முதலில், உங்கள் பிறந்த ஊர் குரிக்காவில் நீங்கள் பார்த்துக்கொள்கிற சைமி பெரியம்மாவின் உடைந்த கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். உடம்பிலேயே பெரிய எலும்பு தொடை எலும்புதான் என்று என் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அது சேர நாளாகும், பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். ஆனால் ரொம்பவும் பொறுமையாக வேண்டாம். நடுக்கோடைத் திருநாளுக்கு வந்துவிடுவேன் என்று நீங்கள் படகில் ஏறும்போது சொன்னதை மைரே தினமும் எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

இனி மெஷின். நீங்கள் போன மறு வாரமே அதன் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பாதிப் பால் கிரீமாகவும் ஆடை நீங்கிய பாலாகவும் பிரிகிறது, மீதிப் பால் என் காலணிக்குள் பிரிகிறது. மைரே கீழே சட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பூனை மட்டும்தான் இந்த ஏற்பாட்டில் திருப்தியாக இருக்கிறது. தினம் இரண்டு வேளை கறந்து, இரண்டு வேளை சுற்றி, அத்தனை தகரத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழுவி, அப்புறம் தரையையும் கழுவ வேண்டியிருக்கிறது. நான் நூலகத்தில் இருந்து எடுத்த புத்தகத்தில் இன்னும் கதாநாயகன் கப்பலைவிட்டே இறங்கவில்லை.

குவோப்பியோ நகரத்து மெஷின் கடையில் புது வளையம் சொல்லியிருப்பதாகவும், அது படகில் வரும் என்றும் அப்பா சொல்கிறார். படகு வரும் செவ்வாயும் சனியும் தவறாமல் குதிரையைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போகிறார். திரும்பி வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டே, "இன்னும் வரல," என்கிறார். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்கு ஏன் வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தால் போதாதா என்று கேட்டேன். "போற வழியில ஏதாவது சாமான் இருக்கும்," என்றார். ஒரு சாமானும் இருப்பதில்லை.

போன வாரம் அப்பா தானே கலகுக்கோ செய்கிறேன் என்று இறங்கினார். ஏரியில் இருந்து நல்ல சின்ன மீன்களாகத்தான் கொண்டுவந்தார். ரை மாவைப் பிசைந்து, மீனையும் பன்றிக் கொழுப்பையும் உள்ளே வைத்து மூடி, அடுப்பில் போட்டார். அதன் பிறகு அதை மறந்துவிட்டு வேலி கட்டப் போய்விட்டார். மேல் ரொட்டியை அறுக்கத் தச்சு வேலைக் கத்தி தேவைப்பட்டது. சாப்பிடும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இதைவிட மோசமாவும் ஆகியிருக்கலாம்," என்றார். நான் "ஆமாம்ப்பா" என்றேன். மைரே, "நல்லால்ல," என்றாள். அப்பா அவளைப் பார்த்து, "அப்படியே உங்கம்மா," என்று சொன்னார். திட்டினாரா பாராட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுடைய நீல விளிம்புக் காப்பிக் கோப்பை உடைந்துவிட்டது. மைரேயைத் திட்டாதீர்கள், காரணம் லெம்பி. பக்கத்துப் பண்ணையில் இருந்து புதன்கிழமை வந்தாள். வழக்கம்போல் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அடுப்பையே பார்த்தாள். காப்பி போட்டு, ஏலக்காய் ரொட்டியை நறுக்கி மேசையில் வைத்து, வாங்க அக்கா என்று கூப்பிட்டேன். "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்," என்றாள். வேண்டாம் என்றால் சரி என்று நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். மைரே சமத்தாக மேசையை எடுத்துவைத்தாள். அப்போதுதான் கோப்பை கை தவறியது. ரொட்டித் தட்டு அலமாரிக்குள் போவதை லெம்பி கடைசிவரை பார்த்தாள். பிறகு எழுந்து, "மழ வர்ற மாதிரி இருக்கு, நா போறேன்," என்று போய்விட்டாள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

லெம்பி கிணற்றடியைத் தாண்டுவதற்குள் இது அப்பா காதுக்குப் போய்விட்டது. உள்ளே வந்து, "மூணு தடவ கூப்பிடணும்னு தெரியாதா புள்ள? மொத தடவயே எந்திரிச்சு வந்தா, காப்பியே பாக்காத ஜென்மம்னு ஊரு பேசாதா? மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் மனுஷி எந்திரிக்க முடியும்," என்று சத்தம் போட்டார். அவங்கதானே வேணாம்னு சொன்னாங்க என்றேன். "வேணாம்னுதான் சொல்லுவாங்க. வேற என்ன சொல்லுவாங்க?" என்றார்.

அம்மா, இந்த ஊரில் பிறந்திருந்தும் எனக்கு இது விளங்கவில்லை. நீங்கள் வந்த பிறகு லெம்பியைச் சமாளித்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைக் கழுவிவிட்டோம். திருநாளுக்கு வாசலில் இரண்டு பக்கமும் வைக்க பிர்ச் மரக் கன்றுகளை அப்பா பார்த்துவைத்திருக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ரைலி


ஹாபாலஹ்தி,
23 ஜூன் 1957

அம்மாவுக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம். அப்பா மேலும் கோபம். யார் மேல் அதிகம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு குரிக்காவில் இருந்து டிரங்க்கால் வருகிறது என்று ஹுஸ்கோனென் கடையில் இருந்து ஆள் வந்து சொன்னார். உடனே அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். டெலிபோனுக்கு! தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் போனோம். கடையில் பாதி ஊர் நின்றது. ஈஸ்ட் வாங்க வந்த லெம்பி, ஈஸ்ட் கைக்கு வந்த பிறகும் போகவில்லை.

நீங்கள் பேசியது கடைக் கோடியில் காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின்வரை கேட்டது. குரிக்கா சமவெளி, அங்கே குரலைத் தடுக்க ஒரு மேடுகூட இல்லை என்று அப்பா முன்பு கேலி செய்வாரே, அது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொல்கிறாள், அன்றைக்கே அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: "நா வீட்டுக்கு வரட்டுமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா? சொல்லு ஏமெலி."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மைரே என் கையைக் கிள்ளினாள். அப்பா கழுத்து சிவந்து, இருமி, கடையில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அதுக்கென்ன… இங்க ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. புல்லு அறுக்காமயா போயிடும்? சைமிக்கு ஆள் வேணும்னா நீ இருக்க வேண்டியதுதானே," என்றார்.

நீங்கள் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அவ்வளவுதான். எங்களிடம் பேசக்கூட இல்லை.

வைத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். அப்பா ரிசீவரைக் காதில் இருந்து எடுக்கவே இல்லை. தலையைச் சாய்த்து, உதட்டை நனைத்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குத் தயாராக நிற்கிறவர் மாதிரி நின்றார். ஹுஸ்கோனெனுக்கே பொறுக்காமல், "வச்சிட்டாங்கப்பா ஏமெலி. அந்தப் பக்கம் யாருமில்ல," என்றார். அப்பா "தெரியும், தெரியும்" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு பொட்டலம் ஆணி வாங்கினார். எங்கள் வீட்டில் ஆணிக்குப் பஞ்சமே இல்லை. வீடு வரும்வரை அவர் பேசியது, "காத்து திரும்புது," என்ற ஒன்றுதான். உயிர் இல்லாத அந்த டெலிபோனில் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது.

திருநாளைப் பற்றி எழுதும் ஆசை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். வாசலில் பிர்ச் கன்றுகள் வைத்தோம். ஏரிக்கரையில் சொக்கப்பனை கொளுத்தினார்கள், நன்றாகத்தான் எரிந்தது. மைரே உங்கள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கால் தடுக்கித் தடுக்கி, இருந்த எல்லோரிடமும் அம்மா வரல என்று சொல்லிக்கொண்டே போனாள். லெம்பி வந்தாள். அவளை மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவை! இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் காப்பி ஆறிப்போனது. வந்து உட்கார்ந்து நாலு ரொட்டி சாப்பிட்டாள். இதற்கு முதலிலேயே வந்திருக்கலாம்.

ஒரு விஷயம். சவுனா நீராவிக் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலைக்கொத்தை வருஷா வருஷம் நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் விஹ்தா என்பீர்கள், அப்பா இல்லை அது வஸ்தா என்பார். அதற்காக நீங்கள் இருவரும் சவுனா ஆறும்வரை வாதாடியதும் உண்டு. நேற்று அப்பா சவுனாவுக்குள்ளே இருந்து, "ரைலி, விஹ்தாவ மறந்துட்டேன், கொண்டா," என்று கூப்பிட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
ரைலி

மெஷின் இன்னும் ஒழுகுகிறது.


ஹாபாலஹ்தி,
21 ஜூலை 1957

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது, அவ்வளவு சின்னது. கூப்பிடாத இடத்துக்கு நான் போவதில்லை, உங்கள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார், உருளைக்கிழங்கு எடுத்து முடிந்ததும் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கலாம் என்றால் என்ன அம்மா? உங்கள் ஊரில் யாரும் பார்க்கலாம் என்று பேசுவதில்லையே. வருவேன் என்பார்கள், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்பார்கள்.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் நான் குவோப்பியோவுக்குப் போக வேண்டும். நான் போய்விட்டால் யார் கறப்பது, யார் மைரேவுக்குத் தலை பின்னுவது? அப்பா ஒரு நாள் பின்னிவிட்டார். குதிரைவாலுக்குப் போடுகிற முடிச்சு. அவிழ்க்க முடியாமல் ஒரு துண்டைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கு இந்த வருஷம் வரவில்லை என்று எழுதிப்போட வேண்டியிருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் இன்னும் நாள் இருக்கிறது.

புல் வேலை பாதி முடிந்தது. குதிரை இழுக்க அப்பா வெட்டிக்கொண்டே போக, நானும் மைரேயும் வாரிக்கொண்டே பின்னால் போகிறோம். லெம்பியும் ஒத்தாசைக்கு வருகிறாள். ஈரப் புல்லைக் கவைக்கோலால் தூக்கிக் காயவைக்கக் கழியில் ஏற்றி ஏற்றி என் தோள் இரண்டும் விட்டுப்போயிற்று. புல் துகள் சட்டைக்குள் போய் ஊசி மாதிரி குத்துகிறது. இருந்தாலும் மத்தியானம் ஏரியில் குதிப்பதும், கிணற்றுக்குள் தொங்கவிட்ட மோரைக் குடிப்பதும் சுகம்தான், அதை மறைக்கக் கூடாது. கழிகளில் ஏற்றிய புல் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் தாடிக்காரப் பாதிரியார்கள் வயலில் ஊர்வலம் போவதுபோல் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். புல் வாருவதைவிட்டு இதையெல்லாம் யோசிக்கிறாயா என்றார். ஆனால் சாயங்காலம் லெம்பியிடம், "எம்பொண்ணு சொல்றா, அது பாதிரியாராம்," என்று சொல்லிச் சிரித்தார்.

மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா திடீரென்று குவோப்பியோ சந்தைக்குப் படகில் போகலாம் என்றார். லெம்பி மைரேயைப் பார்த்துக்கொண்டாள். படகில் நான் மேல்தட்டில் நின்றே வந்தேன். புகை முகத்தில் அடித்தது, பரவாயில்லை. ஒவ்வொரு கரையிலும் நின்று ஒரு பால் கேனையோ ஒரு கன்றுக்குட்டியையோ ஏற்றிக்கொண்டு போனது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் உலகத்தின் எல்லாக் கரையையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

நூலகத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் அப்பா சந்தையில் பாத்திரக் கடை ஒவ்வொன்றாக நின்று கோப்பைகளைத் தூக்கித் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன தேடுகிறீர்கள் என்றதற்கு, "சும்மாதான்," என்றார். சும்மா தேடி, சந்தை மூடும் நேரத்தில் நீல விளிம்பு போட்ட கோப்பை ஒன்று வாங்கினார். உங்களுடையதைப் போலவே இருக்கிறது, விளிம்பு மட்டும் ஒரு நூல் கனம். "அலமாரில ஒரு எடம் காலியா இருந்தா கண்ணுக்கு நல்லால்ல," என்றார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, மெஷின் கடையில் ஏறி அந்த ரப்பர் வளையத்தைக் கையோடு வாங்கிவிடலாம் என்றேன். கடை எங்கள் கண் முன்னால் இருக்கிறது! மாட்டேன் என்றார். "ஒருதரம் சொல்லியாச்சு. படகுல வரும். ரெண்டாவது தரம் போய்க் கேட்டா மரியாதையா இருக்காது." கடைத்தெரு என்றும் பாராமல் நான் காலைத் தரையில் உதைத்தேன். பதிமூன்று வயசுப் பெண் செய்கிற காரியமா என்றார். நாற்பத்தாறு வயசு ஆள் செய்கிற காரியமா இது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா, நீங்களாவது நாலு வரி அதிகமாக எழுதுங்கள்.

ரைலி


ஹாபாலஹ்தி,
4 ஆகஸ்ட் 1957

என் அன்பு அம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பெரியம்மா கூப்பிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்று தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் தூசி தட்டினேன். படகுக் கரைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார் என்பதால் குதிரை முடி ஒட்டியிருந்தது. உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் குவோப்பியோ மெஷின் கடைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். உள்ளே ரப்பர் வளையம். புதுசு. பொட்டலம் மடிப்பெல்லாம் நைந்து, கோட்டுப் பையின் உருவத்துக்கே வந்திருந்தது. தபால் முத்திரையைப் பார்த்தேன். ஜூன் பதினேழாம் தேதி போட்டது அம்மா! திருநாளுக்கு முந்தியே வந்துவிட்டது!

எனக்கு வந்த கோபத்தை எழுத எந்த அகராதியிலும் சொல் இல்லை. இந்தக் கோடை முழுவதும் நான் துடைத்த பால் எவ்வளவு! நேராகப் போய் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அப்பா அதைப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், கொட்டகைக்குப் போய் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார்.

கத்துவதற்காகத்தான் பின்னாலேயே போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் முதுகைப் பார்த்தால் அன்றைக்குக் கடையில் டெலிபோனோடு நின்ற முதுகு மாதிரியே இருந்தது. வளையம் வந்தாகிவிட்டது என்றால் ஒவ்வொரு படகுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போய் யாரைப் பார்த்தார்? போற வழியில சாமான் இருக்கும் என்றாரே, எந்தச் சாமான்? உங்கள் டிரங்குப் பெட்டிதான் அம்மா. கோட்டும் அதற்குத்தான்.

போன வருஷம் இலக்கண வகுப்பில் ஆசிரியை சொன்னது எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது. நம் மொழியில் இல்லை என்பது ஒரு வினைச்சொல். மற்ற வினைச்சொல் மாதிரியே அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். நான் சொல்கிற இல்லை வேறு, நீ சொல்கிற இல்லை வேறு, அவர் சொல்கிற இல்லை வேறு. பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வாங்கி என்ன பயன்? லெம்பி வேண்டாம் என்றபோதும் புரியவில்லை, அப்பா டெலிபோனில் நீ இரு என்றபோதும் புரியவில்லை.

அதனால் கத்தவில்லை. லெம்பியைக் காப்பிக்குக் கூப்பிடுவது போலவே கேட்டேன். அப்பா, அம்மாவை வரச்சொல்லி எழுதட்டுமா?

"அவளுக்கு அங்க ஆயிரம் வேல இருக்கும்," என்றார். அரிவாள் நிற்கவில்லை.

இரண்டாவது தடவை கேட்டேன். அம்மாவை வரச்சொல்லி எழுதட்டுமா அப்பா?

"இங்க நமக்கு என்ன கொறஞ்சு போச்சு? எல்லாம் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு." இப்போது சாணைக்கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கேட்க வாசலைவிட்டு உள்ளே போனேன், ஏனென்றால் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் நான்காவது என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது. அப்பா, அம்மாவை வரச்சொல்லட்டுமா?

அரிவாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். "வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

இதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. அப்புறம் அன்றைக்கு டெலிபோனிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "எப்படிச் சொல்றது புள்ள? அவ ரெண்டாவது தடவ கேக்கவே இல்லையே," என்றார்.

அம்மா, உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நானும் மைரேயும் என்னதான் செய்வது? பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். ஒருவர் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார். இன்னொருவர் மூன்று தடவைக்குக் குறைந்து பதில் சொல்லமாட்டார். நடுவில் ஒரு கோடை முழுவதும் போய்விட்டது.

நான் கொட்டகையில் இருந்து வந்த பிறகு அப்பா மெஷினைப் பிரித்து வளையத்தைத் தானே போட்டார். சாயங்காலப் பாலைச் சுற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பூனை சட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வெளியே போய்விட்டது. மைரேயிடம் நீங்கள் வருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் புதுக் கோப்பையை அலமாரியில் இருந்து எடுத்து மேசையில் உங்கள் இடத்தில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமைப் படகில் வந்தால், வண்டியோடு அப்பா கரையில் நிற்பார். கோட்டுப் போட்டிருப்பார். நீங்கள் வருவதைப் பார்த்தவுடன், ரப்பர் வளையம் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்பார். நம்பாதீர்கள். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பெட்டியை வண்டியில் வைத்துவிடுங்கள்.

அப்பாவின் பதிலை அவர் ஊர் வழக்கப்படி மூன்று தடவை கேட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் குரிக்காக்காரர் என்பதால் உங்களிடம் உங்கள் ஊர் வழக்கப்படி ஒரே ஒரு தடவைதான் கேட்கப் போகிறேன். சைமி பெரியம்மாவின் காலைக் கடவுள் சீக்கிரம் சரியாக்கட்டும், உங்கள் ரயிலும் படகும் நேரத்துக்கு ஓடட்டும்.

வீட்டுக்கு வாருங்கள் அம்மா.

ரைலி